வெள்ளைப் பைன் மரம்: பெயர் அறிதலும் பிணி அறிதலும்

பனி மூடிய மலைச்சாரலில் பைன் மரங்கள் அணிவகுத்து நிற்கும் படம் ஒன்றை மாணவர்களிடம் காட்டி, "இம்மரத்தை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?" என்று ஒருமுறை கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் கையை உயர்த்தினர். "கடற்கரையில் கண்டோம், ஐயா" என்றனர். அவர்கள் கண்டது பைன் அன்று. மலாய் மக்கள் 'ரூ' என்றும் நாம் சவுக்கு என்றும் வழங்கும் மரமே அது.

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. தொலைவிலிருந்து நோக்கினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் சவுக்கின் 'ஊசி' ஒன்றைப் பறித்து இரு கைவிரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். அது கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையன்று, பச்சை நிறம் பெற்ற மெல்லிய தண்டு. உண்மையான இலைகளோ அக்கணுக்களைச் சுற்றிப் பற்களைப்போல் அமைந்துள்ள மிகச் சிறிய செதில்கள். பைனின் ஊசியில் கணு இல்லை. அது முழு இலை. மேலும் சவுக்கு பூத்துக் காய்க்கும் குலத்தைச் சேர்ந்தது. பைனோ பூவாமலும் கனியாமலும், செதில்கள் அடுக்கிய கூம்புகளில் விதையைத் தாங்கும் குலத்தது.

பிள்ளைகள் மட்டுமா தடுமாறுகின்றனர்? பைன் என்னும் சொல்லுக்குத் தேவதாரு என்று மொழிபெயர்த்து எழுதுவோர் நம்மிடையே பலர் உளர். தேவதாரு இமயமலையில் வளரும் சீடார் இனம். அதன் ஊசிகள் குட்டையான கிளைமொட்டுகளின்மேல் கொத்துக் கொத்தாக, இருபது முப்பது என்ற கணக்கில் நிற்கும். இமயத்தில் வளரும் உண்மையான பைன் ஒன்றை வடமொழியார் சரளம் என்றனர். தேவதாரு வேறு, சரளம் வேறு.

"பெயர் மாறினால் என்ன குறைந்துவிடும்? எல்லாம் மரந்தானே!" என்று கேட்கலாம். மரம் நலமாக நிற்கும் வரையில் ஒன்றும் குறையாது. அதற்கு நோய் வந்த நாளில்தான் பெயரின் அருமை தெரியும். எந்த மரம் என்று அறியாதவன் எந்த நோய் என்றும் அறியமாட்டான். நலமான மரத்தை வெட்டுவான், நோயுற்ற மரத்தை விட்டுவைப்பான். இதனை விளக்குதற்கு வட அமெரிக்காவின் கீழைப் பகுதியில் வளரும் வெள்ளைப் பைன் மரத்தைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

மரமும் அதன் வரலாறும்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு முதல் மேற்கே மானிட்டோபா மாநிலம் வரையிலும், தெற்கே பேரேரிகளைச் சூழ்ந்தும், அப்பலேச்சிய மலைத்தொடர் வழியே ஐக்கிய அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வடபகுதி வரையிலும் இம்மரம் இயற்கையாக வளர்கின்றது. 1753இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்குப் 'பைனஸ் ஸ்ட்ரோபஸ்' என்ற அறிவியற் பெயரை வழங்கினார். அப்பகுதிக் காடுகளில் தலைநிமிர்ந்து நிற்கும் உயரமான மரம் இதுவே. நூற்றைம்பது அடிக்கு மேல் வளர்ந்த முதுமரங்கள் இன்றும் அங்கங்கே உள்ளன.

நேராகவும் நெடிதாகவும் வளர்ந்து, எடை குறைந்து, எளிதில் இழைக்கத்தக்கதாயும் இருக்கும் இம்மரம் பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பொன்னைப்போல் மதிக்கப்பட்டது. 1691இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு அளிக்கப்பட்ட அரச சாசனம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் 24 அங்குலமோ அதற்கு மேலோ குறுக்களவுள்ள மரங்களைக் கடற்படையின் பாய்மரங்களுக்கென ஒதுக்கிற்று. அத்தகைய மரங்களில் கோடரியால் அம்புக்குறி பொறித்தனர். தம் நிலத்து மரத்தைத் தாமே வெட்டலாகாது என்பது குடியேறியவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1772இல் நியூ ஹாம்ஷயரில் இதன் பொருட்டு ஒரு கலகமே மூண்டது.

அரசுரிமை நீங்கியபின் மரத்துக்கு விடுதலை கிடைத்ததா என்றால், இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெய்ன் மாநிலத்தில் தொடங்கி, மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா என மேற்கு நோக்கி மரம் வெட்டுவோர் நகர்ந்துகொண்டே சென்றனர். மரமில்லாப் புல்வெளிகளில் எழுந்த புதிய ஊர்களின் வீடுகளெல்லாம் இம்மரப் பலகைகளால் ஆயின. நூற்றாண்டின் இறுதியில் பழங்காடுகளிற் பெரும்பகுதி அழிந்துவிட்டது. "இனி நட்டு வளர்க்க வேண்டும்" என்னும் எண்ணம் அப்பொழுதுதான் பிறந்தது. அந்த நல்லெண்ணமே ஒரு பெருந்தீங்குக்கு வாயிலானதைப் பின்னர்க் காண்போம்.

எண்ணிப் பார்த்து இனங்காணல்

ஊசியிலை மரம் ஒன்றைக் கண்டால் முதலிற் பார்க்க வேண்டுவது, ஊசிகள் தனித்தனியே கிளையில் பொருந்தியுள்ளனவா, கட்டுக்கட்டாக உள்ளனவா என்பது. தனித்தனியே இருப்பின் அது பைன் அன்று. நாற்பட்டையாக, விரல்களுக்கிடையே உருட்டத்தக்கதாக இருந்தால் பெரும்பாலும் ஸ்புரூஸ்; தட்டையாக, உதிர்ந்த இடத்தில் வட்டமான தழும்பு இருந்தால் ஃபர். ஒரே மொட்டிலிருந்து பத்துக்கு மேற்பட்ட மெல்லிய ஊசிகள் கொத்தாகத் தோன்றிக் குளிர்காலத்தில் முற்றும் உதிர்ந்தால் அது லார்ச்.

ஊசிகள் இரண்டு முதல் ஐந்து வரை ஓரடியிற் சேர்ந்து கட்டுகளாக இருந்தால் அது பைன். அடுத்துச் செய்ய வேண்டுவது எண்ணுதல். வட அமெரிக்காவின் கீழைப்பகுதியில் இயற்கையாக வளரும் பைன்களுள் கட்டுக்கு ஐந்து ஊசி உடையது வெள்ளைப் பைன் ஒன்றே. செம்பைனுக்கு இரண்டு ஊசி. நான்கு முதல் ஆறு அங்குல நீளம். வளைத்தால் 'சடக்' என்று முறியும். ஜாக் பைனுக்கும் இரண்டு ஊசிதான். ஆனால் ஒன்று ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாது, முறுக்கிக்கொண்டு நிற்கும். அதன் கூம்புகளில் பல, காட்டுத்தீயின் வெப்பம் பட்டாலன்றித் திறவா. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட ஸ்காட்ஸ் பைனுக்கும் இரண்டே ஊசி. அதன் மேற்பகுதிப் பட்டை செம்மஞ்சள் நிறமாய் உரிந்து தோன்றும். பிட்ச் பைனுக்கு மூன்று ஊசி.

ஒரு கட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தவறு. ஊசி ஒன்று உதிர்ந்து நான்காக நிற்கவும் கூடும். ஆகவே பத்துக் கட்டுகளையேனும் எண்ணிப் பார்த்தல் நன்று.

வெள்ளைப் பைனின் ஊசி மூன்று முதல் ஐந்து அங்குல நீளமுடையது, மென்மையானது, நீலங்கலந்த பச்சை நிறத்தது. கூர்ந்து நோக்கினால் ஊசியின் உட்பக்கங்களில் வெண்கோடுகள் தெரியும். அவை வரிசையாக அமைந்த இலைத்துளைகள். மரத்துக்கு நோய் புகும் வாயிலும் இத்துளைகளே என்பதை நினைவிற் கொள்க. கூம்பு நான்கு முதல் எட்டு அங்குல நீளத்தில், மெலிந்து, சற்றே வளைந்து, பிசின் ஒட்டியதாய்த் தொங்கும். செதில்களில் முள் இராது. இளமரத்தின் பட்டை வழுவழுப்பாகச் சாம்பல் கலந்த பச்சையாயிருக்கும். முதிர்ந்தபின் கருத்து ஆழமாகப் பிளவுறும்.

ஆண்டுதோறும் தண்டில் ஒரு வட்டம் கிளைகள் தோன்றுவது இம்மரத்தின் மற்றோர் இயல்பு. இரு வட்டங்களுக்கு இடைப்பட்ட தண்டு ஓராண்டு வளர்ச்சியாகும். ஆதலால் இளமரத்தின் கிளைவட்டங்களை எண்ணினால் அதன் அகவையை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

இரொக்குவா என்று வழங்கப்பட்ட அந்நிலத்துப் பழங்குடி மக்கள் மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா என்னும் ஐந்து இனத்தாராய்ப் பகை மறந்து ஒரு கூட்டமைப்பாயினர். அவர்கள் இம்மரத்தை அமைதியின் மரமெனப் போற்றினர். ஓரடியிற் சேர்ந்து நிற்கும் ஐந்து ஊசிகளும் ஒன்றுபட்ட ஐந்து இனங்களைக் குறித்தன. தாவரவியலார் நூல் எழுதுமுன்னரே ஊசியை எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள்.

நோய்போல் தோன்றும் நலம்

பெயர் தெரிந்தபின் மரத்தின் இயல்பான நடப்புத் தெரிய வேண்டும். இல்லையேல் வீண் அச்சம் பிறக்கும்.

பைன் என்றும் பசுமையானது என்று படித்தவர், இலையுதிர் காலத்தில் வெள்ளைப் பைனின் உட்பகுதி ஊசிகள் மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு திகைப்பர். ஊசியும் இலைதான், அதற்கும் ஆயுள் உண்டு. வெள்ளைப் பைனின் ஊசி ஏறத்தாழ இரண்டு வளர்பருவங்கள் மரத்தில் நின்று, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உதிர்கின்றது. கிளையின் நுனியில் அவ்வாண்டு தோன்றிய ஊசிகள் பசுமையாக இருந்து, உள்ளே உள்ள பழைய ஊசிகள் மட்டும் ஒருசேர மஞ்சளித்தால் அது நோயன்று.

தண்டு முழுவதும் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெண்பஞ்சு படிந்திருப்பதும் உண்டு. பார்ப்பவர் மரம் இறந்துவிடும் என்றே எண்ணுவர். இது வெள்ளைப் பைன் பட்டைப் பேன் என்னும் மிகச் சிறிய பூச்சி, தன்னைப் போர்த்துக்கொள்ளச் சுரக்கும் மெழுகுப் பஞ்சு. வளர்ந்த மரத்துக்கு இதனால் பெருங்கேடு இல்லை. சிறு மரத்தில் மிகுந்திருந்தால் நீரை விசையாகப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

சாலையோர மரங்களில் சாலையை நோக்கிய பக்கம் மட்டும் ஊசிகள் இளவேனிலில் பழுப்பேறி நிற்பதுண்டு. அந்நாடுகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியைக் கரைக்கச் சாலையில் உப்பைத் தூவுவர். ஊர்திகள் வாரியிறைக்கும் உப்புநீர் இம்மரத்துக்கு ஆகாது. இங்குப் பூச்சியும் இல்லை, பூசணமும் இல்லை. எந்தப் பக்கம் பழுத்தது என்று பார்த்தாலே காரணம் புலப்படும்.

இதற்கு மாறாக, ஜூன் மாதத்தில் முந்தைய ஆண்டு ஊசிகள் பழுப்பாகி உதிர்ந்து, மரம் மெலிந்து தோன்றினால் அதனை இயல்பெனத் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 2010 அளவிலிருந்து இக்கேடு பரவலாகக் காணப்படுகின்றது. பலவகைப் பூசணங்கள் சேர்ந்து இதனைச் செய்கின்றன. மே முதல் ஜூலை வரை மழை மிகுந்தால் புதிய ஊசிகளிற் பூசணம் பற்றும். அதன் விளைவு அடுத்த ஆண்டு ஜூனில் வெளிப்படும். ஒரே மரம், ஒரே மஞ்சள் நிறம். அக்டோபரில் கண்டால் நலம், ஜூனில் கண்டால் நோய். ஆகவே நோயைக் குறிக்கும் ஆசிரியர் மாதத்தையும் குறித்தல் வேண்டும்.

தலையைக் கொல்லும் கூன்வண்டு

இனி உண்மையான பகைவர் இருவரைக் காண்போம். முதல்வர் கூன்வண்டார். தென்னையைக் கெடுக்கும் சிவப்புக் கூன்வண்டை நாம் அறிவோம். நீண்ட மூக்குடைய அக்குலத்தைச் சேர்ந்ததே இதுவும். ஆனால் கால் அங்குல நீளமே உள்ள பழுப்பு வண்டு; முதுகில் வெண்புள்ளிகள் இருக்கும். 1817இல் பெக் என்னும் அமெரிக்க இயற்கையறிஞர் இதனை முதன்முதல் விவரித்துப் பெயரிட்டார்.

குளிர்காலத்தை மரத்தடிச் சருகினுள் கழித்த வண்டு, இளவேனிற் கதிரவன் சுட்டதும் தண்டின் வழியே ஏறி நேரே உச்சிக்குச் செல்லும். மரத்தின் தலைக்குருத்தே அதன் இலக்கு. முந்தைய ஆண்டு வளர்ந்த தலைக்குருத்தின் பட்டையில் துளையிட்டுத் தின்று முட்டையிடும். அத்துளைகளிலிருந்து சொட்டும் பிசின் துளிகள் முதல் அடையாளம். முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் பட்டையின் உட்புறத்தை வளையமாகச் சுற்றித் தின்றுகொண்டு கீழ்நோக்கி இறங்கும். கோடையில் தலைக்குருத்து வாடி, இடையன் கையிலுள்ள கோலின் வளைந்த முனைபோலத் தொங்கும். அதுவே இரண்டாம் அடையாளம். கோடையின் பிற்பகுதியில் புதிய வண்டுகள் பட்டையைத் துளைத்து வெளியேறும்.

இதனால் மரம் பெரும்பாலும் சாவதில்லை. அதனாலேயே பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. தலை போனபின் பக்கக் கிளைகள் தலைமைக்குப் போட்டியிடும். ஒன்றுக்கு மேற்பட்டவை வென்றால் மரம் கவடுபட்டுவிடும். மீண்டும் மீண்டும் இவ்வாறு நேர்ந்தால், கப்பலின் பாய்மரமாகும் தகுதியுடைய குலத்தில் பிறந்த மரம், முட்டைக்கோசு போலப் பருத்துப் புதராகி நிற்கும். மரம் உயிரோடிருக்கும், அதன் பயன் போய்விடும்.

செய்ய வேண்டுவது எளிது. வாடிய தலைக்குருத்தை, வண்டுகள் வெளியேறுமுன், அதாவது ஜூலைத் தொடக்கத்துக்குள், புழு தின்ற பகுதிக்குக் கீழே வரை வெட்டி, அங்கேயே போட்டுவிடாமல் அழித்துவிட வேண்டும். எஞ்சிய பக்கக் கிளைகளுள் வலிய ஒன்றை நிறுத்தி, மற்றவற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் அவ்வொன்றே புதிய தலையாகும். வருமுன் காக்கும் வழியும் உண்டு. இவ்வண்டு வெயில் படும் தடித்த குருத்தையே நாடும். வேறு மரங்களின் பகுதி நிழலில் வளரும் இளம் பைனின் குருத்து மெலிந்திருக்கும். வண்டு அதனை விரும்புவதில்லை. ஆதலால் காடு வளர்ப்போர் அடித்தண்டு ஓரளவு நீளம் பெறும் வரை நிழலில் வளர்த்துப் பின்னரே வெளிச்சம் விடுவர்.

இரண்டு வீடுள்ள நோய்

இரண்டாம் பகைவன் கொப்புளத் துருநோய். துருநோய் என்பது பூசணங்களில் ஒரு பெருங்குலம். கோதுமையைக் கெடுப்பதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கியதும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. வெள்ளைப் பைனைத் தாக்குவது 'குரோனார்டியம் ரிபிகோலா' என்பது. கட்டுக்கு ஐந்து ஊசியுள்ள பைன்களையே இது பற்றும். இரண்டு, மூன்று ஊசியுள்ளவற்றைத் தீண்டுவதில்லை. ஊசியை எண்ணச் சொன்னதன் காரணம் இப்பொழுது விளங்கும். செம்பைனில் புண் கண்டவன் இந்நோயைத் தேட வேண்டியதில்லை. வெள்ளைப் பைனில் கண்டவன் முதலில் தேட வேண்டுவது இதனையே.

இப்பூசணம் ஒரே செடியில் தன் வாழ்வை முடிப்பதன்று. பாதி வாழ்வு பைனில். மறுபாதி 'ரைபீஸ்' எனப்படும் செடிகளில். கரண்ட், கூஸ்பெரி என்னும் சிறு பழச்செடிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இங்கே நம் அகராதிகள் நம்மை ஏமாற்றக்கூடும். கூஸ்பெரிக்கு நெல்லிக்காய் என்று பொருள் எழுதியிருப்பதைக் காணலாம். நம் நெல்லி முற்றிலும் வேறு குடும்பம். அதற்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை. கேக் செய்யக் கடைகளில் கரண்ட் என விற்கும் சிறு உலர்பழமும் திராட்சையே, இச்செடியின் பழமன்று.

நோய் நடக்கும் முறை இது: கோடை முடிவில் ரைபீஸ் இலையின் அடிப்புறத்தில் பழுப்பு மயிர்போன்ற நுண்காம்புகள் தோன்றும். அவற்றிலிருந்து வெளிப்படும் மெல்லிய நுண்வித்துகள் குளிர்ந்த, ஈரமான காற்றில் பறந்து பைன் ஊசியின் இலைத்துளை வழியே உட்புகும். முதலில் ஊசியில் மஞ்சட்புள்ளி. பின் பூசணம் ஊசியிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து தண்டுக்கும் மெல்ல நகரும். இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் சென்றபின், ஓர் இளவேனிலில் பட்டையைப் பிளந்துகொண்டு செம்மஞ்சள் நிறக் கொப்புளங்கள் வெடிக்கும். அக்கொப்புளத் தூள் நூற்றுக்கணக்கான மைல் காற்றிற் செல்ல வல்லது. ஆயினும் அது வேறொரு பைனைப் பற்றாது. ரைபீஸ் செடியையே பற்றும். அங்கே கோடை முழுவதும் இலைக்கு இலை பெருகி, மீண்டும் பைனுக்குத் திரும்பும். மொத்தம் ஐந்து வகை நுண்வித்துகள். இரண்டு பைனில், மூன்று ரைபீஸில்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். பைனிலிருந்து பைனுக்கு நோய் தாவுவதில்லை. இடையில் ரைபீஸ் வேண்டும். ரைபீஸிலிருந்து பைனுக்கு வரும் நுண்வித்தோ மிக மென்மையானது. பெரும்பாலும் ஆயிரம் அடிக்குள் வீழ்ந்துவிடும், காய்ந்தால் இறந்துவிடும். பகைவனின் சங்கிலியில் நலிந்த கண்ணி அதுவே.

நோயை மரத்தில் காணும் வகை: பச்சை மரத்தில் ஒரு கிளை மட்டும் செம்பழுப்பாகிக் கொடிபோல் தனித்துத் தெரியும். அக்கிளையின் அடியை நோக்கினால் பட்டை வீங்கி, விளிம்பு மஞ்சளாகி, நீண்டு கூர்ந்த வடிவில் புண் இருக்கும். தண்டிற் புண் பரவியபின் வெண்ணிறப் பிசின் வழிந்து உறையும். அணில் முதலியன அப்பட்டையைக் கறித்த தடமும் காணலாம். புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலுள்ள பகுதி முழுவதும் இறக்கும்.

நோய் வந்த வழி

ஆசியாவைத் தாயகமாக உடையது இப்பூசணம். அங்குள்ள ஐந்தூசிப் பைன்கள் நெடுங்காலம் அதனோடு பழகியவை, எளிதில் சாவதில்லை. வட அமெரிக்க வெள்ளைப் பைனைப் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் தம் நாடுகளில் விரும்பி நட்டனர். அங்கே அது அறியாத பகைவனைச் சந்தித்தது. 1850-களில் பால்டிக் கரைப் பகுதியில் நோய் கண்டறியப்பட்டது. நூற்றாண்டின் முடிவிற்குள் ஐரோப்பாவெங்கும் பரவிற்று.

அதே காலத்தில்தான் அமெரிக்கர் தம் வெட்டப்பட்ட காடுகளில் மீண்டும் பைன் நட முனைந்தனர். உள்நாட்டில் நாற்று போதவில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் மலிவாகக் கிடைத்தது. இலட்சக்கணக்கான நாற்றுகள் கப்பலேறின. தன் தாயகத்திலிருந்து விதையாகச் சென்ற மரம் நோய்கொண்ட நாற்றாகத் திரும்பி வந்தது. ஊசியிற் புகுந்த நோய் ஆண்டுக்கணக்கில் வெளித்தெரியாமல் இருக்குமாதலால் துறைமுகத்தில் எவர் கண்ணிலும் படவில்லை. 1906இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் ரைபீஸ் செடிகளில் நோய் கண்டனர். 1909இல் ஜெர்மனியிலிருந்து வந்த பைன் நாற்றுகளிலும் கண்டனர். 1910இல் பிரான்சிலிருந்து கனடாவின் வான்கூவருக்கு வந்த நாற்றுகள் வழியே மேற்குக் கரையிலும் நோய் இறங்கிற்று; 1921இல்தான் அது அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் பதினோராண்டு கடந்துவிட்டது.

1912இல் ஐக்கிய அமெரிக்கா செடிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியதற்கு இந்நோய் ஒரு முதன்மைக் காரணம். சட்டம் நன்று, ஆனால் நோய் அதற்கு முன்னரே கரையேறிவிட்டது.

மனிதர் செய்த மருத்துவம்

நலிந்த கண்ணியை அறுப்பதே வழி என்று கண்டு, பைன் காடுகளைச் சூழ்ந்த ரைபீஸ் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினர். ரைபீஸ் வளர்ப்பதற்கும் தடை விதித்தனர். 1933 முதல் 1942 வரை இயங்கிய அரசினர் இளைஞர் பாசறைகளைச் சேர்ந்த தொழிலாளர் வரிசையாக நின்று காட்டைச் சல்லடையிட்டுக் கோடிக்கணக்கான செடிகளைப் பிடுங்கினர். கிழக்கில் இம்முயற்சி ஓரளவு பயன் தந்தது. மேற்கு மலைகளிலோ செடிகள் மிகுதி, நிலம் கரடுமுரடு. விட்ட வேரிலிருந்தும் மண்ணிற் கிடந்த விதையிலிருந்தும் மீண்டும் முளைத்தன. 1960-களில் அங்குப் பெரும்பாலும் கைவிட்டனர். ரைபீஸ் வளர்ப்புக்கு மத்திய அரசு விதித்த தடை 1966இல் நீங்கிற்று; சில மாநிலங்களில் கட்டுப்பாடு இன்றும் உண்டு.

இன்று கையாளும் முறைகள் வேறு. இளமரங்களில் தரையை ஒட்டிய கிளைகளிலேயே ஈரம் மிகுதி, நோயும் மிகுதி. ஆகவே கீழ்க்கிளைகளை முன்கூட்டியே கழித்துவிடுவர். கிளையிற் புண் கண்டால், அது தண்டை அணுகுமுன் கிளையை அடியோடு வெட்டுவர். தண்டுக்கு நான்கு அங்குலம் அளவில் நெருங்கிவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது எனலாம். பனியும் குளிர்காற்றும் தேங்கும் பள்ளங்களில் நடாமல் விடுவர். நோய் சூழ்ந்த இடத்திலும் பிழைத்து நின்ற மரங்களின் விதையைத் தேர்ந்து, தாங்கும் வலிமையுள்ள நாற்றுகளை வளர்ப்பதும் நடைபெறுகின்றது. இது மெதுவான வேலை. தொடங்கியவர் முடிவைக் காணாமற் போகக்கூடிய வேலை.

நோயின் கொடுமை கீழைக் காடுகளோடு நிற்கவில்லை. மேற்கு மலைமுடிகளில் வளரும் வெண்பட்டைப் பைனும் ஐந்தூசி மரமே. அதன் விதையை உண்டும் புதைத்தும் வாழும் பறவைகள் உண்டு. அம்மரம் குறைந்தால் அவையும் குறையும. 2022 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க அரசு அம்மரத்தை அருகி வரும் இனமாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதற்குக் கூறிய காரணங்களுள் முதன்மையானது இத்துருநோயே.

நமக்குரிய பாடம்

பனிநாட்டு மரத்தின் கதை பால்மரத்து நிழலில் வாழும் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. 1876இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்றன. 1877இல் அங்கிருந்து சிங்கப்பூருக்கு நாற்றுகள் வந்தன. தென்னமெரிக்காவில் ரப்பர் மரத்தைக் கொல்லும் இலைக்கருகல் நோய் அவற்றோடு வரவில்லை. அந்நோயினாலேயே 1928இல் பிரேசிலில் தொடங்கிய ஃபோர்டு கம்பெனியின் பெருந்தோட்டம் நலிந்தது. 1945இல் அதனைக் கைவிட்டனர். அந்நோய் நம் தோட்டங்களில் இன்றும் நிலைகொள்ளவில்லை. அயல்நாட்டுச் செடியையும் மண்ணையும் விமான நிலையத்தில் பறிமுதல் செய்யும் அலுவலரிடம் நாம் சினங்கொள்வதுண்டு. வெள்ளைப் பைனின் வரலாறு அறிந்தவர் அவருக்கு நன்றி கூறுவர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது படத்தோடு நின்றுவிடாமல், கையில் ஒரு கிளையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாதம், எந்தப் பக்கம், எந்த ஊசி என்று எழுதச் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வாரம் சவுக்குக் கிளையொன்றைக் கொண்டுவந்தனர். மேசையின்மேல் வைத்துக் கணுக்கணுவாகக் கழற்றினர். "ஐயா, இது பைன் இல்லை" என்று அவர்களே சொன்னார்கள்.